ஆறே கோட்டை

நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. இப்படி இரட்டித்துக்கொண்டே போகும் வரிசையில்தான் பேராக் அரசின் பிரபுக்கள் நின்றார்கள். சுல்தானுக்கு அடுத்து நான்கு பெரும் பிரபுக்கள். அவர்களுக்குக் கீழே எண்மர், பிறகு பதினாறு பேர், கடைசியாக முப்பத்திரண்டு பேர். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஆள் மாறினாலும் பட்டம் மாறாது. 1511-இல் போர்த்துகீசியரிடம் மலாக்கா வீழ்ந்தது. அதன் கடைசி சுல்தான் மஹ்மூதின் மகன் முசாபர் ஷா 1528-இல் பேராக் ஆற்றங்கரையில் புதிய அரசைத் தொடங்கினார். மலாக்கா அரசவையின் மரபுகளும் அவரோடு வந்து சேர்ந்தன.

ஏன் இந்த எண்கள்? தென்கிழக்காசிய அரசுகளை ஆராய்ந்த ராபர்ட் ஹைன்-கெல்டர்ன் 1942-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு வியப்பூட்டும் விளக்கம் தந்தார். இந்தப் பகுதியின் பழைய அரசுகள் பிரபஞ்சத்தின் சிறு வடிவமாகத் தங்களை அமைத்துக்கொண்டன என்றார் அவர். நடுவில் மேரு மலை, அதன்மேல் இந்திரன், அவனைச் சுற்றி முப்பத்திரண்டு தேவர்கள். சுற்றிலும் நான்கு திசைகள், அவற்றைப் பிளந்தால் எட்டுத் திசைகள். அரசன் இந்திரனின் இடத்தில் இருந்தான், பிரபுக்கள் திசைகளின் இடத்தில் இருந்தார்கள். எட்டுத் திக்குப் பாலகர்களைக் கோயில் சிற்பங்களில் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. இஸ்லாம் வந்து வேரூன்றிய பிறகும் அந்தப் பழைய எண்கள் பேராக் அரசவையில் அப்படியே நிலைத்துவிட்டன.

அந்த எண்மரில் ஒரு பட்டம் டத்தோ மகாராஜா லேலா. 1870-களில் அதைத் தாங்கியவரின் இயற்பெயர் பாண்டாக் லாம். சுலாவேசித் தீவிலிருந்து வந்த புகிஸ் வீரர் டாயெங் செலிலியின் வழிவந்த குடும்பம் என்று மரபு சொல்கிறது. அரச குலத்தை அவமதித்தவனை யாரிடமும் கேட்காமல் தலை வெட்டும் உரிமை இந்தப் பட்டத்துக்கு இருந்தது என்றும் அதே மரபு சொல்கிறது. அவருடைய ஊர் பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், அதன் மேற்குக் கரையில் இருக்கும் பாசிர் சாலாக். மலேசியப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். முதல் பிரிட்டிஷ் ஆலோசகர் பிர்ச் கொல்லப்பட்டதையும், அதற்காக இவர் தூக்கிலிடப்பட்டதையும் வரலாற்றுப் பாடம் சொல்லிவிடுகிறது. ஆனால் அவர் வகித்த பதவி உண்மையில் எப்படி இயங்கியது, அவரைப் போன்ற ஒரு பிரபுவுக்கு அதிகாரம் எங்கிருந்து ஊறியது என்ற கேள்வியைப் பாடம் பெரும்பாலும் தொடுவதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடினால், தோட்டத்துத் தமிழர்களாகிய நாம் இந்த மாநிலத்துக்கு ஏன் வந்தோம் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

பிரபு என்றதும் கோட்டை, கொத்தளம், குதிரைப்படை என்று மனம் இங்கிலாந்துக்குப் போகிறது. போகட்டும். அங்கே வில்லியம் மார்ஷல் என்றொரு பிரபு இருந்தார். 1152-இல், ஐந்து வயதுப் பிள்ளையாக, தந்தையின் நன்னடத்தைக்குப் பிணையாக ஸ்டீபன் அரசரிடம் ஒப்படைக்கப்பட்டார். தந்தை வாக்கு மீறினார், அரசரோ பிள்ளையைக் கொல்ல மனம் வராமல் விட்டுவிட்டார். நிலபுலம் இல்லாத இளைய மகன் என்பதால், போர்ப் பந்தயங்களில் எதிராளிகளைச் சிறைபிடித்து, அவர்களை விடுவிக்கப் பணம் வாங்கியே மார்ஷல் முன்னுக்கு வந்தார். 1189-இல் இசபெல் டி கிளேரை மணந்தபோது வேல்ஸிலும் அயர்லாந்திலும் பெரும் நிலங்கள் கைக்கு வந்தன. 1216-இல் ஒன்பது வயதுச் சிறுவன் மூன்றாம் ஹென்றி அரசனானபோது நாட்டின் ஆட்சிப் பொறுப்பே அவரிடம் வந்தது. மறு ஆண்டு, எழுபது வயதில், லிங்கன் நகரப் போரில் தாமே குதிரையேறிப் போரிட்டு வென்றார். 1219-இல் காலமானார்.

மனைவி வழியாக அவருக்கு வந்த கோட்டைகளில் ஒன்று செப்ஸ்டோ. வை ஆற்றின் செங்குத்துப் பாறைமேல் அது நிற்கிறது. கீழே போகும் ஒரு படகும் மேலே இருப்பவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கோட்டையின் பழைய மரக்கதவுகள் இன்றும் இருக்கின்றன. பலகைகளின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அவை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கண்டறிந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மரம் வளர்ச்சியை நிறுத்தும், வெயில் வந்ததும் மீண்டும் தொடங்கும், அதனால் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். நம் மழைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை குளிர்காலம் என்பதையே அறியாதவை, அதனால் அப்படித் தெளிவான வளையங்களை இடுவதில்லை. பேராக் பிரபுக்கள் கட்டிய மண், மூங்கில், மர அரண்களைக் கறையானும் மழையும் தின்றுவிட்டன. கல்லில் தடம் விடாததால் அவர்கள் சிறியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய கோட்டை வேறு வகையானது.

பேராக் ஆறு சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ளது. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்து இதுவே நீளமானது. 150 ஆண்டுகளுக்கு முன் இந்த மாநிலத்தில் சாலை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. காட்டுக்குள் யானைத்தடங்கள் இருந்தன. ஆனால் அரிசி, உப்பு, துணி, பிரம்பு, ஈயம் எல்லாம் படகில்தான் போயின, வந்தன. இங்கே ஓர் எளிய வடிவியல் வேலை செய்கிறது. ஆறும் அதன் துணையாறுகளும் தலைகீழாகப் பிடித்த மரத்தைப் போன்றவை. மேலே எத்தனை கிளைகள் பிரிந்தாலும் எல்லாச் சரக்கும் கடைசியில் ஒரே அடிமரத்தின் வழியாகத்தான் கடலுக்கு இறங்கியாக வேண்டும். ஒரு கிளையாறு கலக்கும் இடத்தைப் பிடித்தவன் அந்தக் கிளையின் மொத்த வாணிபத்தையும் பிடிக்கிறான். முகத்துவாரத்தைப் பிடித்தவன் நாடு முழுவதையும் பிடிக்கிறான். தென்கிழக்காசியாவின் பழைய ஆற்று அரசுகள் எழுந்ததும் விழுந்ததும் இந்த விதிப்படிதான் என்று தொல்லியலாளர் பென்னட் பிரான்சன் 1977-இல் ஒரு மாதிரியே வகுத்துக் காட்டினார்.

கல்லையும் சுண்ணாம்பையும் கொட்டி மதில் எழுப்ப வேண்டிய தேவை பேராக் பிரபுவுக்கு இல்லை. ஆற்றின் ஒரு வளைவும், கரையில் ஒரு வேலியும், லேலா எனப்படும் சில பீரங்கிகளும், படகை நிறுத்த ஆட்களும் இருந்தால் போதும். இரு கரையிலும் அடர்காடு நின்றது, படகுக்கு மாற்று வழி கிடையாது. ஆறே அவருக்குக் கோட்டையாக இருந்தது.

அந்த ஆற்றில் இறங்கிய சரக்குகளில் மதிப்பு மிக்கது வெள்ளீயம். இதற்கு நிலத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து குளிர்ந்து கருங்கல் மலைகளானது. குளிரும்போது மிஞ்சிய சூடான நீர்மங்கள் ஈயத்தைச் சுமந்து வந்து பாறை இடுக்குகளில் தாதுவாகப் படியவிட்டன. பிறகு மழை தன் வேலையைச் செய்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மலை அரிக்கப்பட்டு மணலும் தாதுவும் பள்ளத்தாக்கில் இறங்கின. சாதாரண மணல் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு கனமானது, ஈயத் தாதுவோ ஏறத்தாழ 7 மடங்கு. வெள்ளம் மணலைத் தூக்கிக்கொண்டு போகும், தாது அடியில் தங்கிவிடும். கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறை. நீரில் கரைந்து குண்டும் குழியுமாகிப்போன அந்தத் தரை, விழுந்த தாதுவை நழுவவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் அதே சுண்ணாம்புப் பாறைதான். டூலாங் தட்டை ஆற்றில் சுழற்றி ஈயம் அரித்தவர்கள் இயற்கை செய்த அதே வேலையைத்தான் கையால் செய்தார்கள்.

உலகம் இந்த ஈயத்தைத் தேடி வந்தது. டச்சுக்காரர்கள் 1670-இல் பங்கோர் தீவில் கோட்டை கட்டியது இதற்காகத்தான். பிரபுக்கள் வரி வாங்கியதும் இதன்மேல்தான். ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு ஈயச் சுமையும் வழியிலுள்ள பிரபுக்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டுத்தான் கடலைப் பார்த்தது. வழியை வைத்து வரி வாங்குவது உலகெங்கும் ஆட்சியின் பழைய தொழில். சோழ நாட்டிலும் அது இருந்தது. அதனால்தான் முதலாம் குலோத்துங்கன் அந்த வரியை நீக்கியபோது 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டமே அவனுக்கு வாய்த்தது. இங்கிலாந்தில் 1215-இல் பிரபுக்கள் ஜான் அரசனிடம் வாங்கிய மகா சாசனத்தில், தேம்ஸ் முதலிய ஆறுகளில் படகுகளை மறிக்கும் மீன்பிடித் தடுப்புகளை எல்லாம் அகற்ற வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஓடும் ஆறு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அவ்வளவு பழையது.

வழி மட்டும் இருந்தால் பிரபு ஆகிவிட முடியாது, ஆளும் வேண்டும். பேராக்கில் நிலம் ஏராளம், மக்கள் குறைவு. பிடிக்காத பிரபுவை விட்டுக் குடிகள் இரவோடிரவாகப் படகேறி வேறு வளைவுக்குப் போய்விடலாம். ஆகவே மனிதரைக் கட்டிவைக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. அந்தக் கயிறு கடன். பணமோ நெல்லோ வாங்கித் திருப்பித் தர முடியாதவர் குடும்பத்தோடு பிரபுவின் வீட்டு ஊழியத்துக்குப் போனார். அவர் செய்த வேலை கடனில் கழிக்கப்படுவதில்லை, அதனால் கடன் தலைமுறை தாண்டியும் நீண்டது. படகு வலித்ததும், வயலில் உழைத்ததும், போர் வந்தால் ஈட்டி எடுத்ததும் இவர்கள். இவர்களைத் தவிர, பிரபு அழைத்தால் குடிகள் எல்லோரும் கூலியின்றி வந்து உழைக்கும் கிராஹ் முறையும் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வரும் கூலியற்ற உழைப்பை இதோடு ஒப்பிடலாம். டத்தோ மகாராஜா லேலாவின் படை என்பது சம்பளப் பட்டியலில் இருந்த படை அல்ல. கடனாலும் கடமையாலும் உறவாலும் அவரோடு கட்டுண்டிருந்த கிராமத்து மக்கள்தான் அது.

1870-களில் இந்த ஏற்பாட்டின்மேல் மூன்று பக்கமிருந்தும் அழுத்தம் வந்தது. லாரூட் சுரங்கங்களில் கீ ஹின், ஹை சான் என்ற இரு சீனக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் போரிட்டன. அரியணைக்கு ராஜா அப்துல்லாவும் சுல்தான் இஸ்மாயிலும் உரிமை கோரினார்கள். பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்கள் பிரிட்டிஷார் தலையிட வேண்டும் என்று நெருக்கினார்கள். 1874 ஜனவரி 20 அன்று பங்கோரில் பிரிட்டிஷ் ஆளுநர் ஆண்ட்ரு கிளார்க் ஓர் ஒப்பந்தத்தை முடித்தார். அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். பதிலுக்கு ஒரு பிரிட்டிஷ் ஆலோசகர் வருவார். மலாய் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். வரி வசூலும் அவர் கட்டுப்பாட்டில் இருக்கும். டத்தோ சாகோர் உட்படச் சில பிரபுக்கள் அதில் கையொப்பமிட்டார்கள். இஸ்மாயில் பக்கம் நின்ற மகாராஜா லேலா கையொப்பமிடவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் ஆலோசகராக வந்தவர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச். இருபது ஆண்டுகளுக்கு மேல் இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். மலாய் மொழி அவருக்குச் சரளமில்லை. ஆற்றில் ஆளுக்கொரு இடத்தில் வரி வாங்குவதை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே கருவூலத்தில் சேர்க்க முனைந்தார். பிரபுக்களுக்கு அதற்கு மாற்றாகப் படித்தொகை தருவதாகத் திட்டம். கடனடிமைகள் தப்பி வந்தால் அடைக்கலம் கொடுத்தார். இதில் நியாயம் எங்கே, அநியாயம் எங்கே என்று நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடனடிமை முறை கொடியது, அதை எதிர்த்தது சரி. ஆனால் ஒரு நாட்டின் அமைப்பு முழுவதையும் அந்த மக்களோடு பேசாமல், பெரியவர்களைச் சபையில் அவமதித்து, ஒரே ஆண்டில் பெயர்த்தெறிய நினைத்தது ஆணவம். வரியும் ஆளும் போனால் பிரபுவிடம் பட்டப்பெயர் மட்டுமே மிஞ்சும் என்பது எண்மருக்கும் விளங்கியது.

1875 ஜூலையில் டூரியான் செபாத்தாங்கில் பிரபுக்கள் கூடினார்கள். பிர்ச்சை முடிக்கும் பொறுப்பை மகாராஜா லேலா ஏற்றார். பாசிர் சாலாக்கில் தம் வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, மண் அரண் எழுப்பத் தொடங்கினார். நவம்பர் 2 காலையில் பிர்ச் அங்கே வந்து, நாட்டின் நிர்வாகத்தைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏற்பதாகக் கூறும் அறிவிப்புகளை ஒட்டச் செய்தார். பிறகு ஆற்றில் மிதந்த குளியலறையில் குளிக்கப் போனார். செபூந்தும் என்பவர் முதலானோர் ஈட்டியால் குத்தி அவரைக் கொன்றார்கள். அறிவிப்பை ஒட்டிய மொழிபெயர்ப்பாளர் அர்ஷாத்தும் இறந்தார்.

ஐந்து நாள் கழித்து கேப்டன் இன்னஸ் தலைமையில் வந்த தாக்குதலைப் பாசிர் சாலாக் முறியடித்தது, இன்னஸ் அங்கேயே மாண்டார். இதில் ஒரு பொறியியல் பாடம் இருக்கிறது. கல் மதில்மேல் குண்டு மோதினால் கல் பிளக்கும், சிதறும். மெத்தென்ற மண் மேடோ குண்டின் வேகத்தைத் தன் துகள்களின் அசைவாலும் உராய்வாலும் உள்வாங்கி அடக்கிவிடும். முன்னால் அடர்ந்த மூங்கில் வேலி இருந்தால் ஓடிவரும் வீரனும் தடுமாறுவான். துப்பாக்கி வீரர்களை நிறுத்த அதுவே போதுமானது. ஆனால் நவம்பர் 15-இல் பீரங்கிகளோடு பெரும்படை ஆற்றேறி வந்தபோது பாசிர் சாலாக் வீழ்ந்தது. தொடர்ந்து ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் துருப்புகள் வந்து இறங்கின. டிசம்பரில் கிந்தாவும் அவர்கள் வசமானது.

1876 ஜூலையில் மகாராஜா லேலா சரணடைந்தார். மாத்தாங்கில், ஙா இப்ராஹிம் என்ற பிரபுவின் கோட்டை வீட்டில் விசாரணை நடந்தது. நீதிபதிகளாக ராஜா யூசுப்பும் ராஜா ஹுசேனும் அமர்ந்தார்கள், பிரிட்டிஷ் அதிகாரிகள் உடனிருந்தார்கள். குற்றஞ்சாட்டும் தரப்பில் நின்றவர்களில் ஒருவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். பிர்ச் இறந்த நாளில் அறிவிப்புகளோடு ஆற்றின் மேற்பகுதிக்குப் போயிருந்து, இரவில் படகில் தப்பியவர் அவர். 1877 ஜனவரி 20 அன்று மகாராஜா லேலா, டத்தோ சாகோர், அவர்களோடு விசாரிக்கப்பட்ட பாண்டாக் இண்டுட் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள். அதில் கையொப்பமிட்டவரும் இடாதவரும் ஒரே நாளில் தூக்குமேடை ஏறினார்கள்.

வில்லியம் மார்ஷல் இறந்ததும் அவர் குடும்பம் அவருடைய வாழ்க்கையை 19,000 வரிகளுக்கு மேற்பட்ட செய்யுளாக எழுதுவித்தது. அதனால் அவர் வீரம் அவர் தரப்பிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. மகாராஜா லேலாவின் கடைசி ஆண்டுகளுக்கான எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி அவரைத் தூக்கிலிட்டவர்களின் வழக்குப் பதிவுகளும் கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும்தான். வரலாற்றைப் படிக்கும்போது ஒரு காகிதத்தை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்கப் பழக வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் வந்த மலேசிய வரலாற்றாசிரியர்கள் அதே காகிதங்களை வேறு கண்ணோடு படித்துத்தான் கொலைக்குற்றவாளியாக எழுதப்பட்டவரை நாட்டைக் காக்க நின்றவராக மீட்டார்கள். ஈப்போவில் 1909-இல் பிர்ச் நினைவாக எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அது நிற்கும் சாலைக்கு இப்போது டத்தோ சாகோர் பெயர்.

இனி வருவது நம் கதை. 1877-இல் ஆலோசகரான ஹியூ லோ பொறுமைசாலி. பிரபுக்களை அரசு மன்றத்தில் உட்கார வைத்தார், சம்பளம் கொடுத்தார், 1883 முடிவோடு கடனடிமை முறையை ஒழித்தார். கோலகங்சாரில் தம் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளையும் நட்டார். ஆனால் பிரபுக்களின் காலத்தை முடித்தது சட்டத்தைவிட வழிதான். 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் பிரிவினர். அதன்பின் கிந்தாவுக்கும் தண்டவாளம் வந்தது, செம்மண் சாலைகள் வந்தன. அவற்றை வெட்டியவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் பெரும்பங்கு தமிழர். ஈயம் படகைவிட்டு ரயிலேறியது. ஆற்றின் வளைவில் காத்திருந்தவனுக்கு இனி நிறுத்த ஒன்றும் இல்லை. வழி மாறியதும் அதிகாரம் இடம் மாறியது.

கடனும் ஒழிந்துவிடவில்லை. கம்பத்தில் அழித்த கணக்கைத் தோட்டத்தில் புதிதாகத் திறந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் கப்பல் செலவும் முன்பணமும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டன. காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை தொடர்ந்தது. லயத்தில் குடியிருந்து, விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, சம்பள நாளில் பாதியைக் கடைக்காரர் கணக்குக்குக் கட்டிய தலைமுறைக்கு ஒரு மலாய்க் கடனாளியின் வாழ்வு எளிதில் புரிந்திருக்கும். ஒருவருடைய வீடு பாசிர் சாலாக்கில், இன்னொருவருடையது சுங்கை சிப்புட் தோட்டத்தில். இருவரையும் பிடித்திருந்த கயிறு ஒரே வகை.

ஆற்றின் கதையும் நிற்கவில்லை. 1930-இல் செண்டரோ அணை எழுந்தது. இன்று தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகளும் சேர்ந்து அந்த ஓட்டத்தை மின்சாரமாக மாற்றுகின்றன. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. அதிகாரத்தின் இலக்கணம் மட்டும் பழையதுதான்: வழி யார் கையில், கடன் யார் ஏட்டில்? எந்தக் காலத்து ஆட்சியையும் கம்பெனியையும் எடைபோட இந்த இரண்டு கேள்விகள் போதும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாசிர் சாலாக் வரலாற்று வளாகத்துக்கு அவர்களை அழைத்துப் போங்கள். ஆற்றங்கரையில் நிறுத்தி, இந்த வளைவில் ஒரு பிரபு எப்படி ஒரு நாட்டை நிறுத்தி வைத்தார் என்று விளக்குங்கள். பிறகு அவர் வீழ்ந்தபின் திறந்த சாலைகளையும் தண்டவாளங்களையும் போட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மலாய்ப் பிரபுவின் வரலாறு ஒரு பாடம், தோட்டத் தமிழரின் வரலாறு வேறொரு பாடம் என்று பள்ளிப் புத்தகம் பிரித்து வைக்கலாம். இந்த மண்ணில் நடந்தது ஒரே வரலாறு. அதில் நமக்குரிய பக்கத்தை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.